ஐந்து முதலாளிகள், ஒரே வேலை: ஸாமரின் கடந்து வந்த பாதை

டாட்நெட்டின் திறந்த மூல வடிவமாக 2001 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மோனோ திட்டத்துக்கு 2026 வெள்ளி விழா ஆண்டு. விழா எடுப்பதென்றால் யார் வீட்டு வாசலில் பந்தல் போடுவது என்பதுதான் சிக்கல். திட்டம் பிறந்தது ஸிமியன் என்ற சிறு நிறுவனத்தில். அதை 2003-இல் நாவெல் வாங்கியது. நாவெலை 2011-இல் அட்டாச்மேட் வாங்கி, மோனோ குழுவினரை வேலையிலிருந்து நீக்கியது. வேலை இழந்தவர்கள் கூடித் தொடங்கிய ஸாமரின் 2016-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. மூல மோனோ திட்டத்தின் பொறுப்பை 2024 ஆகஸ்டில் வைன் திட்டத்தாரிடம் மைக்ரோசாஃப்ட் ஒப்படைத்துவிட்டது.

பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் உள்ளே நடந்த வேலை மாறவில்லை. சி ஷார்ப்பில் எழுதுகிறவர், வேறு மொழியில் கட்டப்பட்ட ஓர் இயங்குதளத்தின் நூலகங்களைத் தன் சொந்த நூலகம்போல் அழைக்க வழி செய்வதே அந்த வேலை. தொழிலில் இருப்பவர்கள் இதை ‘நேட்டிவ் இன்டராப்’ என்பார்கள். பல ஃபோன்களுக்கும் ஒரே நிரல் என்ற வாக்குறுதியை அந்தக் காலத்தில் எல்லோரும் விற்றார்கள். ஸாமரினை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது அந்த வாக்குறுதி அல்ல. ஐஓஎஸ்ஸையும் ஆண்ட்ராய்டையும் மறைக்காமல், அவற்றின் முழு ஏபிஐயையும் சி ஷார்ப்புக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் அதன் தனித்தன்மை. இந்த வரலாற்றை அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன். கம்பெனி கைமாறிய கதையை மட்டும் சொன்னால் அது பங்குச் சந்தைச் செய்தியாகிவிடும்.

க்னோமில் விழுந்த விதை

மிகேல் டி இகாஸா மெக்ஸிகோக்காரர். லினக்ஸுக்கான க்னோம் டெஸ்க்டாப்பை 1997-இல் ஃபெடரிகோ மேனாவுடன் சேர்ந்து தொடங்கியவர். 1999-இல் நாட் ஃப்ரீட்மனோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய நிறுவனமே பிறகு ஸிமியன் ஆனது. க்னோமின் நூலகங்கள் எல்லாம் சி மொழியில் இருந்தன. பைத்தானில் எழுத விரும்பினால், அங்கிருந்து அவற்றை அழைக்கும் இணைப்பு நிரல், அதாவது பைத்தானுக்கு ஒரு பைண்டிங் வேண்டும். பெர்லுக்கு வேறொன்று, சி ப்ளஸ் ப்ளஸுக்கு இன்னொன்று. நூலகங்களின் எண்ணிக்கையை மொழிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் எத்தனை வருமோ அத்தனை பைண்டிங். நூலகம் ஒரு பதிப்பு முன்னேறினால் அத்தனையும் ஒரு பதிப்பு பின்தங்கும். தன்னார்வலர்களின் நேரமெல்லாம் இதிலேயே கரைந்தது.

மைக்ரோசாஃப்ட் 2000-இல் டாட்நெட்டை அறிவித்தபோது டி இகாஸாவின் கண்ணில் பட்டது, பல மொழிகள் ஒரே இயக்கச் சூழலைப் பகிர்ந்துகொள்ளும் அதன் ஏற்பாடு. பைண்டிங்கை ஒரு தடவை எழுதினால் போதும், அந்தச் சூழலில் ஓடும் மொழிகள் எல்லாம் பயன்படுத்தலாம். சி ஷார்ப்பும் அதன் இயக்கச் சூழலும் எக்மா அமைப்பின் பொதுத் தரங்களாக 2001 டிசம்பரில் வெளிவந்தன. அதே ஆவணத்தை வைத்து, லினக்ஸில் ஓடும் திறந்த மூல டாட்நெட் ஒன்றை அவர் குழு கட்டத் தொடங்கியிருந்தது. 2004 ஜூன் 30 அன்று மோனோ 1.0 வந்தது. மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்பத்தை வீட்டுக்குள் அழைத்து வருகிறார் என்று கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் அவர்மேல் வருத்தமும் கோபமும் நெடுநாள் இருந்தன. அது தனிக் கதை.

நமக்கு வேண்டியது வேறு. சி நூலகத்தின் ஒரு செயற்கூற்றை சி ஷார்ப்பிலிருந்து அழைக்க ‘பி-இன்வோக்’ என்ற வசதி உண்டு. எந்த நூலகம், என்ன பெயர், என்னென்ன அளவுரு என்று ஒரு வரியில் அறிவித்தால் போதும். க்னோமின் ஜிடிகே நூலகத்தில் இப்படி ஆயிரக்கணக்கான வரிகள் தேவைப்பட்டன. மோனோ வட்டாரத்தார் அவற்றைக் கையால் எழுதவில்லை. சி மூல நிரலைப் படித்துப் பைண்டிங்கை உற்பத்தி செய்யும் கருவியை எழுதினார்கள். பிறகு ஐஃபோன் வந்தபோது இந்தப் பழக்கம்தான் சோறு போட்டது.

ஐஃபோனின் வாசலில்

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தது. மோனோ உள்ளே நுழையத் தடையாக நின்றது ஒரு பாதுகாப்பு விதி. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தில் புதிதாக இயந்திரக் குறியீட்டை எழுதி, அதையே இயக்குவதற்கு ஐஃபோனில் அனுமதி இல்லை. டாட்நெட், ஜாவா போன்ற சூழல்கள் வழக்கமாக வேலை செய்வதே அப்படித்தான். அதற்கு ஜேஐடி என்று பெயர். ஆகவே சி ஷார்ப் நிரல் முழுவதையும் முன்கூட்டியே ஏஆர்எம் குறியீடாக மாற்றிச் செயலியோடு கட்டிக் கொடுக்கும் ஏஓடி முறையை மோனோ குழு உருவாக்கியது. யூனிட்டி விளையாட்டு எஞ்ஜின் ஐஃபோனுக்கு வந்தது இந்த வழியில்தான்.

முறை வேலை செய்தது. ஆனால் முன்கூட்டியே கணிக்க முடியாத சில ஜெனரிக் அழைப்புகள் எங்காவது தப்பிவிடும். அப்போது ‘ஏஓடி மட்டும்’ என்ற நிலையில் ஜேஐடி செய்யப் பார்க்கிறாய் என்ற பிழைச் செய்தியோடு செயலி விழுந்துவிடும். அதுவும் கையிலுள்ள ஃபோனில்தான் விழும். மேக்கில் ஓடும் சிமுலேட்டரில் ஜேஐடிக்குத் தடை இல்லாததால் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடும். நேற்று வரை ஓடியதே என்று தலையைப் பிய்த்துக்கொண்ட புரோகிராமர்கள் ஏராளம்.

நாவெலின் பெயரில் 2009 செப்டம்பரில் மோனோடச் வெளிவந்தது. தனிநபருக்கு 399 டாலர், நிறுவனத்துக்கு 999 டாலர். அதன் உள்வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஐஃபோன் திரையில் ஒரு பட்டியல். பயனர் ஒரு வரியைத் தொடுகிறார். தொடுகையை முதலில் வாங்கிக்கொள்வது ஆப்பிளின் யுஐகிட். அது ஆப்ஜெக்டிவ் சி உலகம். அங்கே ஒரு பொருளின் செயற்கூற்றை நேராக அழைப்பதில்லை, அந்தப் பொருளுக்குச் செய்தி அனுப்புவார்கள். செய்தியின் பெயர் செலக்டர். ‘இன்ன வரி தேர்வாயிற்று’ என்ற செய்தியைப் பெற வேண்டிய பொருளோ சி ஷார்ப்பில் எழுதப்பட்டது. யுஐகிட்டுக்கு சி ஷார்ப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எனவே அந்த சி ஷார்ப் வகுப்புக்கு இணையாக, ஆப்ஜெக்டிவ் சி இயக்கச் சூழலிலும் உண்மையான ஒரு வகுப்பை மோனோடச் முன்னதாகவே பதிவு செய்து வைத்திருக்கும். எந்தச் செலக்டர் எந்த சி ஷார்ப் மெத்தடுக்குப் போக வேண்டும் என்பதை ‘எக்ஸ்போர்ட்’ என்ற குறிப்பு சொல்லும். செய்தி வந்ததும் நடுவில் காத்திருக்கும் ஒரு சிறு நிரல்துண்டு அதைப் பிடிக்கும். இந்த நேட்டிவ் பொருளுக்கு இணையான சி ஷார்ப் பொருள் எது என்று கண்டுபிடித்து, அளவுருக்களை மாற்றி, மெத்தடை ஓட்டும். எதிர்த்திசையில் சி ஷார்ப்பிலிருந்து யுஐகிட்டுக்குப் போகும் ஒவ்வொரு அழைப்பும், ஆப்ஜெக்டிவ் சியில் செய்தி அனுப்புவதற்கென்றே இருக்கும் சி செயற்கூறுகளின் வழியாகப் போகும். அவற்றை அழைக்கப் பழைய பி-இன்வோக்கே போதும்.

இதில் கவனிக்க வேண்டியது, நடுவே தபால் பெட்டியோ வரிசையோ இல்லை என்பது. அழைத்த நொடியில், அழைத்த த்ரெட்டிலேயே பதில் கிடைக்கிறது. 2015-இல் வந்த ரியாக்ட் நேட்டிவ், ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தையும் நேட்டிவ் பக்கத்தையும் செய்திகளை மூட்டை கட்டி அனுப்பும் ஒத்திசைவற்ற பாலத்தால் இணைத்தது. அந்தப் பாலத்தைக் கழற்றிவிட்டு நேரடி அழைப்பை இயல்பாக்க 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பு வரை ஆயிற்று. ஃபிளட்டர் பொத்தான்களையும் பட்டியல்களையும் தானே வரைந்துகொண்டு, தளத்தின் வசதி தேவைப்பட்டபோது மட்டும் ‘சேனல்’ வழியே செய்தி அனுப்பியது. இவை இரண்டும் சந்தையில் ஸாமரினை முந்தின என்பது உண்மை. நேரடி அழைப்பு என்ற ஒரு விஷயத்தில் 2009-இன் மோனோடச் ஏற்கெனவே அங்கே இருந்தது என்பதும் உண்மை.

ஒரு விதி, ஐந்து மாதம்

2010 ஏப்ரல் 8 அன்று ஆப்பிள் தன் டெவலப்பர் ஒப்பந்தத்தின் 3.3.1 பிரிவைத் திருத்தியது. செயலிகளை ஆப்ஜெக்டிவ் சி, சி, சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்றது புதிய வாசகம். குறி அடோபியின் ஃபிளாஷ் என்று பலரும் கணித்தார்கள். ஆனால் மோனோடச்சும் யூனிட்டியும் அதே வலையில் சிக்கின. அம்மாதக் கடைசியில் ஃபிளாஷ் பற்றி ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய கடிதத்தில் ஒரு வாதம் இருந்தது. தளத்துக்கும் டெவலப்பருக்கும் நடுவே மூன்றாம் ஆள் நின்றால், தளத்தில் புது வசதி வந்தாலும் அந்த மூன்றாம் ஆள் மனம் வைத்தால்தான் டெவலப்பருக்குக் கிடைக்கும் என்பது அதன் சாரம்.

விதியை ஆப்பிள் செப்டம்பர் 9 அன்று தளர்த்திவிட்டது. ஆனால் அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. இடைநிலை நிறுவனத்தின் தாமதம் வாடிக்கையாளரின் தாமதமாகும். ஸாமரின் பிறகு தன் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ‘அன்றே ஆதரவு’ என்ற கொள்கையை, இந்த வாதத்துக்குச் செயலால் சொன்ன பதிலாகவே நான் பார்க்கிறேன். ஆப்பிள் புதிய ஐஓஎஸ் வெளியிடும் அதே நாளில் அதன் புதிய ஏபிஐக்கள் சி ஷார்ப்பிலும் கிடைக்க வேண்டும் என்பது கொள்கை. வாடிக்கையாளர்கள் பணம் கட்டியது பெரும்பாலும் இதற்குத்தான்.

இரண்டு குப்பை வண்டிகள்

மோனோவின் ஆண்ட்ராய்டு பதிப்பு 2011 ஏப்ரல் 6 அன்று வந்தது. இங்கே சிக்கல் வேறு விதம். ஐஃபோனில் எதிர்ப்பக்கத்தில் இருந்தது ஆப்ஜெக்டிவ் சி. ஆண்ட்ராய்டிலோ டால்விக் என்ற முழு விர்ச்சுவல் மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதே செயலிக்குள் மோனோவும் ஓட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நினைவகம், தனித்தனி கார்பேஜ் கலெக்டர். இரண்டும் பேசிக்கொள்ள ஜேஎன்ஐ என்ற இடைமுகம்.

சி ஷார்ப்பில் நீங்கள் ஓர் ‘ஆக்டிவிட்டி’ எழுதினால், பில்ட் நடக்கும்போதே அதற்கு இணையான ஜாவா வகுப்பு ஒன்று தானாக உருவாகும். ஆண்ட்ராய்டு அழைப்பது அந்த ஜாவா வகுப்பை, அது சி ஷார்ப்பை அழைக்கும். கிராஷ் அறிக்கையில் ‘சிஆர்சி64’ என்று தொடங்கிப் பின்னால் எண்ணும் எழுத்துமாக நீளும் விசித்திரமான பெயர்களைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்தப் பெயர்கள் இந்தத் தானியங்கி வகுப்புகளுடையவை.

சிரமம் எல்லாம் பொருளின் ஆயுளில்தான். ஒரு ஜாவா பொருளும் அதன் சி ஷார்ப் இணையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. உனக்கு வேண்டாமென்றால் நான் அழிக்கிறேன் என்று இரண்டு கலெக்டர்களும் காத்திருக்கும். ஆட்சேபனை இல்லை என்ற சான்றிதழுக்காக இரண்டு அரசு அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டே இருக்க, கோப்பு மூடப்படாமல் கிடப்பது போன்ற நிலை இது. இதை உடைக்கச் செய்த ஏற்பாட்டுக்கு ‘ஜிசி பிரிட்ஜ்’ என்று பெயர். மோனோ தன் பக்கத்துப் பொருள்களில் எது எதைப் பிடித்திருக்கிறது என்று கணக்கெடுத்து, அந்தப் பிணைப்புகளை ஜாவா பக்கத்து இணைகளிலும் தற்காலிகமாகப் பதிந்து வைக்கும். இதற்காகவே அந்தத் தானியங்கி ஜாவா வகுப்பு ஒவ்வொன்றிலும் ‘மோனோட்ராய்டு ஆட் ரெஃபரன்ஸ்’ என்று ஒரு மெத்தட் ஒட்டியிருக்கும். பிறகு மோனோ தன் பிடியைத் தளர்த்திவிட்டு ஜாவாவின் கலெக்டரை ஓடச் சொல்லும். அது முடிந்தபின் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்து, மிஞ்சியவர்களை மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பார்க்க அழகான ஏற்பாடு, ஆனால் இலவசம் இல்லை. இப்படி எல்லை தாண்டிப் பிடித்திருக்கும் குறிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு ஒரு வரம்பு வைத்திருந்தது. நிஜ ஃபோனில் சுமார் 52,000, எமுலேட்டரில் வெறும் 2,000. பெரிய பட்டியலை வேகமாக உருட்டிப் பார்த்தால் எமுலேட்டர் மூச்சு முட்டி விழும். ஐஃபோனில் செயலி விழாது, அதற்குப் பதில் நினைவகம் சத்தமில்லாமல் கசியும். யுஐகிட் எண்ணி வைத்திருக்கும் பிடிகளை மோனோவின் கலெக்டரால் பார்க்க முடியாது. ஒரு பொத்தானின் ‘கிளிக்’ நிகழ்வுக்குள் எழுதிய சின்ன லாம்ப்டா, திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு விடும். திரை மூடிய பிறகும் அதன் படங்கள் எல்லாம் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். நிகழ்வுகளிலிருந்து கழற்றிக்கொள், டிஸ்போஸ் செய், வீக் ரெஃபரன்ஸ் போடு என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்கள் இங்கிருந்து வந்தவை. இரண்டு மொழிகளை இணைப்பதில் கடினமான பகுதி அழைப்பு அல்ல, அழைத்த பின் யார் யாரை விடுவிப்பது என்பது என்று இந்தக் குழுவின் பல ஆண்டு அனுபவம் காட்டியது.

வேலை போன மே மாதம்

அட்டாச்மேட் நாவெலைக் கையகப்படுத்தும் வேலை 2011 ஏப்ரல் 27 அன்று முடிந்தது. ஆண்ட்ராய்டு பதிப்பு வெளியாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் மோனோ குழுவினருக்கு வேலை போயிற்று. மே 16 அன்று ஸாமரின் என்ற புதிய நிறுவனத்தை டி இகாஸா அறிவித்தார். நாட் ஃப்ரீட்மன் தலைமைச் செயல் அலுவலர், டி இகாஸா தொழில்நுட்பத் தலைவர்.

மோனோ திறந்த மூலமாக இருந்ததால் அதை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மோனோடச்சும் ஆண்ட்ராய்டு பதிப்பும் அப்படி அல்ல, அவை நாவெலின் சொத்து. எனவே ஐஓஎஸ்ஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பைண்டிங்கை முதலிலிருந்து மறுபடி எழுதப் போவதாக அறிவித்தார்கள். பழைய வாடிக்கையாளரின் நிரல் ஒரு வரியும் மாறாமல் ஓட வேண்டும் என்பதும் திட்டம். அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஜூலையில் அட்டாச்மேட்டின் சூஸே பிரிவோடு உடன்படிக்கை ஏற்பட்டு, அந்தப் பொருள்களின் உரிமம் ஸாமரினுக்கே வந்து சேர்ந்தது. பழைய முதலாளிக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்தால், ஏற்கெனவே காசு கட்டிய வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் தலைவலி அவர்களை விட்டுப் போனது என்பதைத்தான் சொல்ல முடிகிறது.

எண்களில் ஒரு பாடம்

2009-இல் எடுத்த ஒரு சிறு முடிவு 2014-இல் வட்டியோடு திரும்பி வந்ததை இந்த வரலாற்றில் அவசியம் பதிய வேண்டும்.

ஆப்பிளின் ஏபிஐக்களில் ‘என்எஸ் இன்டிஜர்’ என்ற எண் வகை எங்கும் நிறைந்திருக்கும். 32 பிட் ப்ராசஸரில் அது 32 பிட், 64 பிட்டில் 64. சி ஷார்ப்பின் ‘இன்ட்’ எப்போதும் 32 பிட்தான். அன்றைய ஐஃபோன்கள் எல்லாம் 32 பிட் என்பதால், மோனோடச் குழு ‘இன்ட்’டையே அதற்கு ஈடாக வைத்துவிட்டது. எழுதுகிறவர்களுக்கும் சௌகரியம். திரையளவுகளைக் குறிக்கும் தசம எண்களுக்கும் இதே கதை. 2013 செப்டம்பரில் ஐஃபோன் 5எஸ் 64 பிட் ப்ராசஸரோடு வந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் கெடு வைத்தது: 2015 பிப்ரவரி முதல் புதிய செயலிகளுக்கும், ஜூன் முதல் பழைய செயலிகளின் புதுப்பிப்புகளுக்கும் 64 பிட் கட்டாயம்.

மொத்த ஏபிஐயையும் திருத்துவது தவிர வழியில்லை. ‘யூனிஃபைடு ஏபிஐ’ என்று பெயரிட்டு, ‘என்-இன்ட்’, ‘என்-ஃப்ளோட்’ போன்ற புதிய எண் வகைகளைக் கொண்டுவந்தார்கள். ப்ராசஸருக்குத் தக்கபடி அளவு மாறும் வகைகள் அவை. நேம்ஸ்பேஸ்களின் முன்னால் இருந்த மோனோடச் என்ற பெயரையும் அந்தச் சாக்கில் எடுத்துவிட்டார்கள். புராஜெக்டை மாற்றிக் கொடுக்கும் கருவி இருந்தும், மூன்றாம் நபர் நூலகங்கள் எல்லாம் மாறும்வரை செயலி மாற முடியாது. கெடு நெருங்க நெருங்க, பழைய பைண்டிங் ஒன்றை எழுதிப் போட்டுவிட்டு மறைந்துபோனவரைத் தேடி அலைந்த டீம்கள் பல. இதில் ஒரு நல்ல விளைவும் உண்டு. ‘என்-இன்ட்’ 2020-இல் சி ஷார்ப் 9 பதிப்பில் மொழியின் சொந்தச் சொல்லாகவே ஏறிவிட்டது. ஐஃபோனின் எண் வகை ஒன்றுக்காகச் செய்த ஒட்டு, மைக்ரோசாஃப்டின் மொழி இலக்கணத்தில் நிலைத்தது.

ஃபார்ம்ஸ், மைக்ரோசாஃப்ட், மாவி

2014 மே மாதம் ஸாமரின் ஃபார்ம்ஸ் வந்தது. அதுவரை வணிக விதிகள், தரவுத்தளம், சர்வரோடு பேசும் பகுதி இவற்றைப் பொதுவாக எழுதி, திரையை மட்டும் ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக எழுதினார்கள். ஃபார்ம்ஸ் திரையையும் பொதுவாக்கியது. ‘பட்டன்’ என்று ஒருமுறை எழுதினால், ஐஃபோனில் ஆப்பிளின் பொத்தானும் ஆண்ட்ராய்டில் கூகுளின் பொத்தானும் வரும். மாற்றிக் கொடுப்பது ‘ரெண்டரர்’ என்ற இடைத்துண்டு.

விற்பனைக்கு இது பெரிய பலம். என் கணிப்பில், நிறுவனம் தன் அடிப்படைக் குணத்திலிருந்து விலகத் தொடங்கியதும் இங்கேதான். ஃபார்ம்ஸ் தளத்தை மறைக்கப் பார்த்தது. பொத்தானின் நிழல் இப்படி இருக்க வேண்டும், கீபோர்டு வரும்போது திரை இவ்வளவு நகர வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டவுடன் ‘கஸ்டம் ரெண்டரர்’ எழுத வேண்டியிருக்கும். அங்கே மறுபடியும் யுஐகிட்டும் ஆண்ட்ராய்டும் நேருக்கு நேர். ஆனால் ஃபார்ம்ஸை நம்பி வந்தவர்களுக்கு அந்தத் தளங்கள் அறிமுகமே இல்லை. சென்னையில் பெரிய டெவலப்மென்ட் மையம் வைத்திருக்கும் சின்க்ஃபியூஷன் போன்ற நிறுவனங்கள், சார்ட்டும் காலண்டரும் டேட்டா கிரிட்டுமாக ஆயத்தக் கட்டுப்பாடுகளை விற்றது இந்த இடைவெளியில்தான். ரெண்டரர்களோடு மல்லுக்கட்டும் வேலையை அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செய்தார்கள்.

2016 பிப்ரவரி 24 அன்று ஸாமரினை வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அப்போது 120 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட டெவலப்பர்கள் என்று அந்த அறிவிப்பு சொன்னது. மார்ச் 31 அன்று ஸாமரின் விஷுவல் ஸ்டுடியோவோடு இலவசம் ஆனது, அதன் எஸ்டிகே திறந்த மூலமாகும் என்ற அறிவிப்பும் வந்தது. அதுவரை ஒரு டெவலப்பருக்கு, ஒரு தளத்துக்கு, ஆண்டுக்கு 999 டாலர் என்று ‘பிசினஸ்’ உரிமம் கட்டி வந்தவர்களுக்குக் கல்யாண விருந்து. ரோபோவிஎம் பயனர்களுக்கோ இழவு. ஜாவாவில் எழுதியதை ஐஃபோனில் ஓட்டும் அந்தக் கருவியை ஸாமரின் 2015 அக்டோபரில்தான் வாங்கியிருந்தது. சி ஷார்ப்புக்கு மோனோடச் செய்ததையே ஜாவாவுக்குச் செய்தது அது. ஸாமரின் மைக்ரோசாஃப்டிடம் கைமாறிய சில வாரங்களில் அதை மூடும் அறிவிப்பு வந்தது. அதன் பழைய திறந்த மூலப் பதிப்பை ஆர்வலர்கள் எடுத்து வளர்த்து வருகிறார்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபார்ம்ஸின் வாரிசாக டாட்நெட் மாவி 2020-இல் அறிவிக்கப்பட்டு, சொன்ன தேதி தவறி, 2022 மே மாதம் வந்தது. ரெண்டரர்கள் போய் ‘ஹேண்ட்லர்கள்’ வந்தன. 2024 மே 1 அன்று ஸாமரினுக்கான ஆதரவு நின்றது. ஸாமரின் என்ற பெயர் போனாலும், ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு பைண்டிங்குகள் டாட்நெட்டின் அங்கமாகவே தொடர்கின்றன. டி இகாஸா 2022-இல் மைக்ரோசாஃப்டை விட்டு விலகினார். இன்று அவர் ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி அபிமானி. கோடோ விளையாட்டு எஞ்ஜினை ஸ்விஃப்டிலிருந்து அழைக்க வழிசெய்யும் ஒரு திறந்த மூலப் பைண்டிங்கை எழுதியிருக்கிறார். கை சும்மா இருக்கவில்லை.

அந்த ஸ்விஃப்ட்தான் இன்று இந்தப் பாரம்பரியத்துக்கு வந்திருக்கும் நெருக்கடி. மோனோடச் கட்டப்பட்டது ஆப்ஜெக்டிவ் சியின் ‘செய்தி அனுப்பும்’ முறையின்மேல். ஸ்விஃப்டில் மட்டுமே எழுதப்பட்ட ஒரு நூலகம், தன்னை ஆப்ஜெக்டிவ் சிக்குக் காட்டிக்கொண்டால் ஒழிய சி ஷார்ப்பின் கண்ணுக்குத் தெரியாது. ஸ்விஃப்ட்யுஐ அப்படிப்பட்டது. அதனால் இப்போது பரிந்துரைக்கப்படும் வழி பழைய கொள்கைக்கு நேர் எதிராக இருக்கிறது. நூலகம் முழுவதையும் பைண்டிங் செய்யாமல், தேவையான நான்கைந்து செயற்கூறுகளை மட்டும் அழைக்கும் மெல்லிய உறை ஒன்றை ஸ்விஃப்டிலோ கோட்லினிலோ எழுதி, அந்த உறையை மட்டும் பைண்டிங் செய்யச் சொல்கிறார்கள். முழு ஏபிஐயும் தர வேண்டும் என்று வீம்பு பிடித்த நிறுவனத்தின் வாரிசுகள் இப்படிச் சொல்வதைக் கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டில் ஒரு மூன்றாம் நபர் ஜாவா நூலகத்தைப் பைண்டிங் செய்யப் புகுந்து, பெயர் மோதல்களையும் ஜெனரிக் சிக்கல்களையும் ‘மெட்டாடேட்டா’ எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொன்றாகத் திருத்தி நாள்களைத் தொலைத்த யாரும் அந்த ஆலோசனையை மறுக்க மாட்டார்கள்.

ஆப்பிளின் சொந்த நூலகங்களுக்கு மட்டும் பழைய கொள்கையே தொடர்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் ஆப்பிள் மாநாட்டில் புதிய எக்ஸ்கோடின் பீட்டா வெளிவந்ததும், அதன் ஹெடர் கோப்புகளை சி ஷார்ப் பைண்டிங்கோடு ஒப்பிடும் சோதனை ஓடுகிறது. விடுபட்ட ஒவ்வொரு செலக்டரும் ஒவ்வொரு எண் மாறிலியும், நூலகவாரியாக ‘டூடூ’ என்ற பின்னொட்டோடு கூடிய கோப்பில் ஒரு வரியாக ஏறும். பைண்டிங் எழுத எழுத அந்த வரிகள் குறைந்துகொண்டே வரும். செப்டம்பரில் ஐஓஎஸ் வெளியாவதற்குள் முடிந்தவரை காலியாக வேண்டும். கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மோனோ இயக்கச் சூழலே இப்போது மெல்ல ஒதுங்கி வருகிறது. 2025 நவம்பரில் வந்த டாட்நெட் 10 பதிப்பில், ஆண்ட்ராய்டு செயலிகளை மோனோவுக்குப் பதிலாக, டாட்நெட்டின் இன்னோர் இயக்கச் சூழலான கோர்சிஎல்ஆரில் ஓட்டும் வசதி சோதனை நிலையில் சேர்ந்தது. அதற்காக முதலில் செய்ய வேண்டியிருந்த வேலைகளில் ஒன்று, ஜாவாவின் கலெக்டரோடு பேசும் ஜிசி பிரிட்ஜை கோர்சிஎல்ஆருக்கும் எழுதுவது.